ஓகே எதன் சுருக்கம்?

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். ஓகே எதன் சுருக்கம் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். கிரேக்கம் என்கிறார் ஒருவர், அமெரிக்கப் பழங்குடிகளின் சொல் என்கிறார் இன்னொருவர். எது சரி?

பதில்: ரெண்டும் இல்லை சார். 1830களில் பாஸ்டன் பத்திரிகைக்காரர்கள் சொற்களை வேண்டுமென்றே தப்பாக எழுதிச் சுருக்குவார்கள். ‘ஆல் கரெக்ட்’ என்பதை ஓ, கே என்ற எழுத்துகளில் தொடங்கி எழுதினார்கள். அந்த ஓகே 1839 மார்ச் 23 ‘பாஸ்டன் மார்னிங் போஸ்ட்’ நாளிதழில் அச்சானது. ஆலன் வாக்கர் ரீட் என்ற அறிஞர் பழைய நாளிதழ்களைப் புரட்டி 1960களில் இதை நிறுவினார். அந்த உழைப்புக்குக் கும்பிடு போடலாம்!

இன்னொரு பதில்: 1840 அமெரிக்க அதிபர் தேர்தலையும் சொல்லுங்கள். மறுபடி போட்டியிட்ட அதிபர் வான் பியூரனின் ஊர் கிண்டர்ஹூக். ‘ஓல்ட் கிண்டர்ஹூக்’ என்ற அவர் பட்டப்பெயரின் முதலெழுத்துகளை வைத்து ஆதரவாளர்கள் ஓகே கிளப்பே தொடங்கினார்கள். ஆனாலும் அவர் தோற்றார்.

கேட்டவர்: அருமை, நன்றி. நாளைக்கே வகுப்பில் சொல்கிறேன்.