உதவி: ஏஐ மூலமா சேர்த்த அசோகா 100 கிராமுக்கு 2438 கலோரி காட்டுது

டபராசெட்
அவசரம். சாப்பாட்டுக் கணக்கு ஆப்புல நம்ம ஊர் ஐட்டம் எதுவும் இல்லை. ஏஐ கிட்ட சொல்லி திருவையாறு அசோகா அல்வாவைச் சேர்க்கச் சொன்னேன். 100 கிராம் 2438 கலோரின்னு நிக்குது. அழிச்சுட்டு மறுபடி சேர்த்தாலும் அதே நம்பர். பழைய சோறும் 356 காட்டுது. என்ன பண்றது?

குறுவை
ஆப்போட கேஷ் (தற்காலிகச் சேமிப்பு) அழிச்சுப் பாருங்க. ஆப்பைத் தூக்கிட்டு திரும்பப் போடுங்க. பாதிப் பிரச்சினை அதுலயே போயிடும்.

அரசலாறு
கேஷ் அழிச்சா நெய் குறையுமா? டபராசெட், என்ன அளவு குடுத்தீங்க? ஏஐ நேரா ஆப்புக்குள்ள எழுதுதா, இல்ல ஃபைல் செஞ்சு குடுத்து நீங்க ஏத்துறீங்களா? கிண்டி முடிச்ச எடை எவ்ளோ?

கல்லணை_1
இந்தப் பகுதியில் கேள்வி கேட்கும் முறை மேலே ஒட்டி வைக்கப்பட்டிருக்கிறது. படிக்கிற வழக்கம் இருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது. சுத்தமான நெய்யே 100 கிராமுக்கு 900 கிலோகலோரிதான் (ஆப்பு கலோரி என்று காட்டுவது இதைத்தான்). அதைத் தாண்டிய எண்ணைப் பார்த்ததும் அலகு தப்பு என்று தெரிய வேண்டாமா?

டபராசெட்
ஸாரி சார். ஏஐயே நேரா ஆப்புல எழுதுது. பயத்தம்பருப்பு 1 ஆழாக்கு, சீனி 2, நெய் 1, கோதுமை மாவு கால். வந்தது 735 கிராம். ஹைதராபாத் அட்டவணையைப் பாத்துப் போடுன்னேன்.

அரசலாறு
அங்கதான் முதல் கோளாறு. அந்த ஹைதராபாத் அட்டவணை, அதாவது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தோட 2017 அட்டவணை, சக்தியை கிலோஜூல்ல தருது. பயத்தம்பருப்புக்கு 1363னு இருக்கும், அது 326 கிலோகலோரி. ஏஐ கிலோஜூல்ல கூட்டி, கலோரிக் கட்டத்துல எழுதிடுச்சு. ஆப்பு அலகு கேக்காம வாங்கிக்குது. 2438ஐ 4.184ஆல வகுங்க, 583.

அழிச்சுச் சேர்த்தும் அதே வந்ததுக்குக் காரணம், அதே உரையாடல்ல மறுபடி கேட்டது. பழைய நம்பர் மேலேயே கிடக்கு, அதையே எடுத்துப் போடும். புது உரையாடல் திறங்க.

வெண்ணாறு
583ம் தப்பு. ஏஐ என்ன கிராம் எடுத்துச்சுன்னு கேட்டுப் போடுங்க.

டபராசெட்
பருப்பு 200, சீனி 400, நெய் 215, மாவு 30.

வெண்ணாறு
நெனச்சேன். மொத்தம் 845 கிராம். சீனியும் நெய்யும் ஆவியாகாது, பருப்பை வேற தண்ணி ஊத்தி வேகவைக்கிறோம். போட்ட சாமானை விட அல்வா 110 கிராம் கம்மியா எப்படி வரும்? ஆழாக்கை அது 240 மில்லி கப்புன்னு எடுத்துக்கிச்சு. ஆழாக்கு 168 மில்லிதான். 8 ஆழாக்கு 1 படி.

சம்பாதாளடி
அது பட்டணம் படிக் கணக்கு. எங்க வீட்டுப் பித்தளை ஆழாக்குல 200 பிடிக்குது.

வெண்ணாறு
டம்ளருக்கு ஆழாக்குன்னு பேர் வச்சா 200 பிடிக்கத்தான் செய்யும்.

சம்பாதாளடி
மன்னார்குடி பக்கம் வந்து பாருங்கண்ணே. சின்னப்படி, பெரியபடி ரெண்டும் பரண்ல கிடக்கு.

குறுவை
அசோகாவுக்கு மாவே கிடையாதுன்னு சொல்றவங்களும் உண்டு, அதையும் கிளப்பலாமா?

அரசலாறு
கிளப்ப வேண்டாம். டபராசெட், உங்க ஆழாக்கு எவ்ளோ பிடிக்குதுங்கறதை விட்டுத் தள்ளுங்க. அதுலயே பருப்பை நெரப்பித் தராசுல கொட்டிப் பாருங்க, சீனி, நெய்யும் அப்படியே. அடுத்த தடவை வாணலியை வெறுமையா எடை போட்டுக் குறிச்சுக்கங்க, கிண்டினதும் அல்வாவோட போட்டுக் கழிச்சா போதும். அப்புறம் புது உரையாடல்ல இப்படி எழுதுங்க:

“கீழே உள்ள கிராம் எடைகளை மட்டும் எடு, எதையும் யூகிக்காதே. சக்தி கிலோகலோரியில் வேண்டும். மொத்தத்தை 735ஆல் வகுத்து 100 கிராமுக்குத் தா. வரி வரியாகக் கணக்கைக் காட்டு. நான் சரி சொன்ன பிறகே ஆப்பில் எழுது.”

கடைசி வரி முக்கியம். அது இல்லேன்னா கேக்கறதுக்கு முன்னாடியே எழுதிடும்.

பழைய சோறு 356 வேற கதை. அது பச்சை அரிசியோட, அதாவது வேகாத அரிசியோட மதிப்பு. 150 கிராம் அரிசி போட்டு, தண்ணியோட சேர்த்து 900 கிராம் வந்தா 534ஐ 900ஆல வகுக்கணும், 100 கிராமுக்கு 59. கஞ்சி வடிச்ச சோறுன்னா வடிச்சதுல கொஞ்சம் போயிடும், அதனால 59ஐ மேல் வரம்பா வச்சுக்கங்க. ராத்திரி ஊறினதால கலோரி பெருசா மாறாது.

டபராசெட்
பருப்பு 140, சீனி 280, நெய் 150, மாவு 20 வந்துச்சு. இப்ப 407 காட்டுது. புரதம் 4.8, கொழுப்பு 20.7, மாவுச்சத்து 49.9. ரொம்ப நன்றிண்ணே.

கல்லணை_1
4.8ஐயும் 49.9ஐயும் நான்கால், 20.7ஐ ஒன்பதால் பெருக்கிக் கூட்டினால் 405. நார்ச்சத்துக்கு இரண்டு மூன்று கலோரி விடலாம். இதை முதலிலேயே செய்திருக்கலாம்.

வெண்ணாறு
ஒண்ணு விட்டுப் போச்சு. அந்த அட்டவணை மாவுச்சத்துல நார் ஏற்கெனவே கழிச்சிருக்கு. உங்க ஆப்பு ‘நிகர மாவுச்சத்து’ (நார் கழிச்ச மாவுச்சத்து) காட்டுற ஆப்பா இருந்தா இன்னொரு தடவை கழிச்சிடும். அசோகால நார் 2 கிராம்தான், வித்தியாசம் தெரியாது. சுண்டல், கடப்பா மாதிரி பருப்பு ஐட்டம் சேர்க்கும்போது மாவுச்சத்தோட நாரைக் கூட்டி எழுதச் சொல்லுங்க. உங்க ஆப்பு கழிக்குதா, இல்லையா?

சம்பாதாளடி
கடப்பான்னு போட்டா எங்க ஏஐ ஆந்திராக் கல்லைப் பத்திப் பேசுது. ‘பயத்தம்பருப்பு உருளைக்கிழங்கு கூட்டு, இட்லிக்கு’ன்னு விளக்கமும் சேர்த்துப் போடுங்க. டபராசெட், இருக்கீங்களா?

வெண்ணாறு
அல்வா தின்னப் போயிட்டாரு.