எபேசியர் 2:8-ல் வரும் ‘இது’ எது?

செந்தூல்வாசி:
போன வாரம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு துக்க வீட்டு ஜெபத்துக்குப் போயிருந்தேன். "கடவுள் கை நீட்டினார், பிடித்துக்கொண்டது ஐயாவின் சொந்த முடிவு" என்று அங்கே ஒருவர் பேசினார். மனசே ஆறவில்லை. "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு" என்கிறது எபேசியர் 2:8. ‘இது’ என்றால் விசுவாசம். பிடிக்கிற கையே அவர் கொடுத்தது என்றால், சொந்த முடிவு எங்கிருந்து வந்தது?

கிள்ளான் மெதடிஸ்ட்:
அங்கே பேசியவர் என் தாய்மாமன். அவர் முகத்துக்கு நேரே கேட்கத் தைரியமில்லை, இங்கே வந்து எழுதுகிறீர்கள். ‘இது’ விசுவாசம் இல்லை. கிரேக்கத்தில் விசுவாசத்துக்கான ‘பிஸ்டிஸ்’ பெண்பால். ‘இது’ என்று வரும் ‘டூட்டோ’ பெண்பால் இல்லை. சொன்ன காரியம் முழுவதையும்தான் அது குறிக்கிறது. எல்லாரும் இரட்சிக்கப்பட வேண்டும் என்பதே அவர் சித்தம், 1 தீமோத்தேயு 2:4. யார் இரட்சிக்கப்படுவார் என்று கடவுள் முன்னமே தீர்மானித்துவிட்டார் என்கிற முன்குறித்தலை எதிர்த்து, எங்கள் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லி 1739-லேயே பிரசங்கித்துவிட்டார்.

செந்தூல்வாசி:
காரியம் முழுவதும் என்றால் விசுவாசமும் அதற்குள்தானே வரும்? வீடே இனாம், வாசல் கதவுக்கு மட்டும் காசா? பிலிப்பியர் 1:29-ஐயும் பாருங்கள். விசுவாசிப்பதே ‘அருளப்பட்டிருக்கிறது’. வெஸ்லிக்கு நூறு வருஷத்துக்கு முன்னாலேயே, 1618-19-ல், நெதர்லாந்தில் கூடிய கால்வினியச் சபைகளின் டோர்ட் சங்கம், விசுவாசமும் தேவனுடைய ஈவுதான் என்று தீர்த்துவிட்டது.

லுத்தரன் தம்பி:
தமிழில் கிருபை, விசுவாசம், இரட்சிப்பு மூன்றுமே அஃறிணை. ‘இது’ எதற்கும் பொருந்தும். தமிழை வைத்துச் சண்டை போடாதீர்கள். மனுஷ சித்தம் கட்டுண்டது, தானாகக் கடவுளைத் தேடாது என்று லூத்தர் 1525-ல் அறிஞர் எராஸ்மஸுக்குப் பதில் எழுதினார். ஆனால் நரகத்துக்கென்று சிலரைக் கடவுள் முன்குறித்தார் என்று நாங்கள் சொல்வதில்லை.

செந்தூல்வாசி:
தம்பி, பாதி வழியில் இறங்கிக்கொள்ளாதீர்கள். ‘இது’ விசுவாசமா இல்லையா?

பட்டர்வொர்த் அக்கா:
எங்கள் பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, 23-ஆம் சங்கீதம் சொல்லிவிட்டுத்தான் படி இறங்குவார். எழுதப் படிக்கத் தெரியாது, காதால் கேட்டுக் கற்றது. தாத்தா விடாததால் கடைசிவரை ஞானஸ்நானம் எடுக்கவில்லை. உலகத்தோற்றத்துக்கு முன்னே தேவனால் தெரிந்துகொள்ளப்பட்டவர்களில், அதாவது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில், பாட்டி உண்டா? யாராவது சொல்லுங்கள்.

செந்தூல்வாசி:
அக்கா, ரோமர் 9:16. விரும்புகிறவனாலும் அல்ல, ஓடுகிறவனாலும் அல்ல, இரங்குகிற தேவனாலே. எல்லாம் மனுஷன் முடிவு என்றால் தாத்தா குறுக்கே நின்று தடுத்திருக்கலாம். தேவன் தெரிந்துகொண்டால் எந்தத் தாத்தா தடுக்க முடியும்?

பட்டர்வொர்த் அக்கா:
உண்டா இல்லையா என்று கேட்டேன்.

கிள்ளான் மெதடிஸ்ட்:
சொல்லமாட்டார் அக்கா. ஒன்பது வருஷம் எங்கள் சபையில் இருந்தார். பாடகர் குழுப் பொறுப்பு கிடைக்கவில்லை என்றதும் போனவர்.

செந்தூல்வாசி:
பொய். வாலிபர் கூட்டத்தில் இதே வசனத்தைக் கேட்டதற்கு "உட்காரு" என்றார்கள். உங்கள் மாமாவும் பக்கத்தில்தான் இருந்தார்.

கிள்ளான் மெதடிஸ்ட்:
முதலில் மாமாவிடம் மன்னிப்புக் கேளுங்கள். அப்புறம், தமிழில் ‘இது’ இரண்டு தடவை வருகிறது, கிரேக்கத்தில் ஒன்றுதான்.

செந்தூல்வாசி:
சரி, ஒன்றே இருக்கட்டும். அந்த ஒரு ‘இது’ எது?