20 அடி உள்வீதியில் நடைபாதை: கானை மூடினால் போதுமா?

உப்புவெளிவாசி:
திருகோணமலையில், நிலாவெளி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் உள்வீதி ஒன்று. நீளம் சுமார் 400 மீற்றர், மதிலுக்கு மதில் 20 அடி. ஒரு பக்கம் திறந்த கொங்கிரீட் கான் (வடிகால்): உள்ளகலம் 2 அடி, சுவர் அரை அடிப்படி. கானுக்கும் மதிலுக்கும் நடுவில் 1 அடி மண், லைட் கம்பங்கள் அதற்குள்தான். பாலர் பாடசாலைப் பிள்ளைகள், கோயிலுக்குப் போகும் வயதானவர்கள், சக்கர நாற்காலியில் ஒருவர், பார்வையில்லாத ஒருவர் என எல்லோரும் தாரில்தான் நடக்கிறார்கள். கானுக்கு மூடி போட்டு நடைபாதையாக்கித் தரும்படி கிராம அபிவிருத்திச் சங்கம் பிரதேச சபைக்குக் கடிதம் எழுதப் போகிறது. அதில் என்ன அளவுகளைக் கேட்க வேண்டும்? வேலை எங்கே பிழைக்கும்?

ரசமட்டம்:
கான் 3 அடி, மண் 1 அடி, மொத்தம் 1.2 மீற்றர். ஒரு சக்கர நாற்காலியும் பக்கத்தில் ஒரு ஆளும் மட்டுமட்டாகப் போகலாம். இரண்டு நாற்காலி விலக 1.8 மீற்றர் வேண்டும், அது இங்கே கிடைக்காது. கம்பம் உள்ள இடத்தில் 900 மி.மீ. மிஞ்சுகிறதா என்று ஒவ்வொரு கம்பத்திலும் நாடா பிடித்துப் பாருங்கள். அதற்குக் குறைந்தால் கம்பத்தை நகர்த்தும்படி மின்சார சபைக்கும் இப்போதே எழுதுங்கள். நடைபாதை போட்டபின் கம்பத்தை யாரும் அசைக்கமாட்டார்கள்.

மூடி 800 x 450 மி.மீ., தடிப்பு 100. ஒன்று 85 முதல் 90 கிலோ வரும், இரண்டு பேர் கொக்கி போட்டுத் தூக்கலாம். இதைவிட அகலமாக வார்த்தால் மாரிக்கு முன் கான் துப்புரவாக்க ஆள் வராது, மூடியைக் கம்பியால் நெம்பி விளிம்பை உடைத்துவிடுவார்கள். தூக்குவதற்குத் துளை விடுங்கள். வெளியே நீட்டிய கம்பி வளையம் வேண்டாம், அது கால் தடக்கும். மூடிகளுக்கிடையே 10 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் ஊன்றுகோலின் நுனியும் நாற்காலியின் முன் சில்லும் மாட்டும்.

கேற் வாசல்களில் 150 மி.மீ. தடிப்பில் தனி மூடி வேண்டும், கம்பியளவைத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் கணக்குப் பார்க்கட்டும். உடைவது எப்போதும் இங்கேதான்: மணல் லொறி ஒருமுறை ஏறினால் 100 மி.மீ. மூடி தாங்காது. கடற்கரைக் காற்றில் கம்பிக்கு 40 மி.மீ. கொங்கிரீட் மறைப்பும் கட்டாயம். கடல் மணலில் வார்த்த மூடி மேலே அழகாக இருக்கும், உப்பு உள்ளேயிருந்து கம்பியைத் தின்னும்.

இன்னொன்று, இதைத்தான் பலர் மறக்கிறார்கள்: கானை மூடியபின் வீதித் தண்ணீர் எதனூடாக உள்ளே போகும்? வீதிப்பக்கக் கான்சுவரில் 5 மீற்றருக்கு ஒரு வாய் விடுங்கள். நடக்கும் மேற்பரப்பில் கம்பித்தட்டி போடாதீர்கள். வேறு வழியே இல்லையென்றால் ஓட்டை 13 மி.மீ.க்கு மேல் போகாமல், நடக்கும் திசைக்குக் குறுக்காக இருக்கட்டும்.

மதகடி:
அளவுகள் சரிதான். ஆனால் 20 அடி ஒழுங்கைக்கு நடைபாதையே தேவையா என்பதுதான் என் கேள்வி. மூடிய கானில் முதல் மாதமே மோட்டார் சைக்கிள் நிற்கும், பிறகு ஒரு குவியல் கல், பிறகு பூச்சாடி. சனம் திரும்பவும் தாரில் இறங்கும். அந்தக் காசில் வாகனத்தை மெதுவாக்குங்கள். வீதிக்குக் குறுக்கே 75 முதல் 100 மி.மீ. உயரத்தில், மேலே தட்டையான மேடைகள், 60 அல்லது 80 மீற்றருக்கு ஒன்று. நிலாவெளி வீதி வாயில் வளைவின் ஆரையை 3 மீற்றராகக் குறுக்குங்கள். குப்பை உழவு இயந்திரம் திரும்புமா என்று சுண்ணாம்புக் கோடு போட்டு ஓட்டிப் பாருங்கள். வளைவு அகலமாக இருப்பதால்தான் ஓட்டோ வேகம் குறைக்காமலே உள்ளே வருகிறது.

வெள்ளைப்பிரம்பு:
மதகடி, வேகத்தைக் குறைப்பது நல்லது. ஆனால் எல்லாம் ஒரே மட்டமான வீதியில் பார்வையில்லாதவருக்கு எல்லை எது? ஓட்டுநரின் கண்ணைப் பார்த்து வழிவிட அவரால் முடியாது. விளிம்பு 60 மி.மீ. உயர்ந்தால்தான் பிரம்பிலும் காலிலும் நிச்சயமாகத் தெரியும். 20, 30 மி.மீ. என்று விட்டால் தடக்குமே தவிரப் புரியாது. ஆகவே மூடியின் மட்டம் தாரைவிட 60 மி.மீ. உயர்வாக இருக்கட்டும். இறங்கும் இடங்களில் 1:12 சரிவு, அதாவது 720 மி.மீ. நீளம். சரிவின் அடியில் தாரோடு சேரும் இடம் 6 மி.மீ.க்கு மேல் துருத்தக்கூடாது.

இறக்கம் வருகிறது என்று காலுக்கும் பிரம்புக்கும் உணர்த்தும் மஞ்சள் நிறப் புள்ளிக்கல் அந்த இடங்களில் மட்டும் போதும். வழிகாட்டும் கோட்டுக்கல் இந்த அகலத்துக்கு வேண்டாம், மதிலே வழிகாட்டும். கோட்டுக்கல்லை நேரே லைட் கம்பத்தில் கொண்டுபோய் முட்டவிட்ட வேலைகள் நம் நாட்டில் போதுமானளவு உண்டு! மதிலுக்கு மேலால் தொங்கும் போகன்விலாவை 2.1 மீற்றர் உயரம் வரை வெட்டச் சொல்லுங்கள். பிரம்பு நிலத்தைத்தான் தொடும், முகத்துக்கு நேரே வரும் கொப்பை அது சொல்லாது.

ரசமட்டம்:
60 மி.மீ. எனக்கும் சம்மதம். அப்போது கேற் வாசல் சரிவைக் கவனியுங்கள். வீட்டுக்காரர் வளவு மட்டத்திலிருந்து தார் வரை ஒரே சாய்வாக ஊற்றினால் நடைபாதை குறுக்காகச் சரியும், நாற்காலி வீதிப்பக்கம் இழுபடும். குறுக்குச் சரிவு 1:50ஐத் தாண்டக்கூடாது. நாலடி ரசமட்டத்தைக் குறுக்காக வைத்தால் தாழ்ந்த நுனியில் 24 மி.மீ. இடைவெளி, அவ்வளவுதான். அதே மட்டத்தை இறக்கத்தில் நீளவாக்கில் பிடித்தால் 1:12க்கு 100 மி.மீ. வரும். வளவு உயரமென்றால் மீதிச் சரிவு மதிலுக்கு உள்ளே போகட்டும்.

கோணமலைக் கோப்பு:
கடிதத்தை ஒருவருக்கு மட்டும் எழுதாதீர்கள். உள்வீதி 'பட்டினமும் சூழலும்' பிரதேச சபையுடையது. நிலாவெளி வீதியோ வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கையில், அதனால் சந்தியிலுள்ள வளைவையும் பாதசாரிக் கடவையையும் பிரதேச சபை தனியே தொட முடியாது. பொலிஸ் போக்குவரத்துப் பிரிவுக்கும் பிரதி போடுங்கள். குடிநீர்க் குழாய் கானோடு ஓடினால் நீர் வழங்கல் சபையையும் சேருங்கள். இல்லாவிட்டால் புது நடைபாதையை ஆறு மாதத்தில் வெட்டுவார்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தையும், அதன்கீழ் 2006இல் வந்த அணுகு வசதி ஒழுங்குவிதிகளையும் முதல் பந்தியிலேயே குறிப்பிடுங்கள்.

நடைபாதையில் ஓட்டோ ஏறாமல் தடுப்புக் கம்பம் நடச் சொல்லும் சிலர் இடைவெளியை 2 அடியாக்கிவிடுவார்கள், நாற்காலி வெளியே நிற்கும். 900 மி.மீ. விடுங்கள், ஓட்டோ நுழையாது. மோட்டார் சைக்கிள் நுழையும், அதைக் கம்பத்தால் தடுக்க வழியில்லை. கட்டாக்காலி மாடும் அப்படித்தான்.

உப்புவெளிவாசி:
நன்றி. அப்படியானால் கடிதத்தில் கான் மூடியும் மேடைகளும் இரண்டையும் கேட்கிறோம். காசு ஒன்றுக்குத்தான் காணும் என்றால் எது முதல்?

வெள்ளைப்பிரம்பு:
சந்தியிலிருந்து பாலர் பாடசாலை வரையான துண்டுக்கு மூடி, சந்தி வாயில் ஒரு மேடை. 400 மீற்றரையும் அரைகுறையாகத் தொடங்க வேண்டாம். நடுவில் நாலு மூடி இல்லாத நடைபாதை, திறந்த கானைவிட ஆபத்து.