வேர்நுனிச் சீழ்: அறுவை சிகிச்சை இல்லாமல் ஆறுமா?

கேள்வி

மேல்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் வேர் சிகிச்சை செய்து கேப் போட்டுக்கொண்டேன். இப்போது அந்தப் பல்லுக்கு மேலே ஈறில் ஒரு சிறு கொப்புளம் கிளம்புவதும், உடைந்து சீழ் வடிந்தபின் அமுங்குவதுமாக இருக்கிறது. வலி அதிகம் இல்லை. எக்ஸ்-ரேயில் ஒரு வேரின் நுனியைச் சுற்றிக் கறுப்பு வட்டம் தெரிவதால், ஈறைத் திறந்து வேர்நுனியை வெட்டி எடுக்க வேண்டும் என்று மருத்துவர் கூறுகிறார். ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டபோது கொப்புளம் மறைந்து, பிறகு மீண்டும் வந்துவிட்டது. அதையே இன்னும் சில வாரங்கள் தொடர்ந்தால் அறுவையைத் தவிர்க்க முடியுமா?

பதில் (பல் மருத்துவர்)

மாத்திரையால் இது தீராது. வேர் சிகிச்சை செய்த பல்லின் உள்ளே ரத்த ஓட்டம் கிடையாது என்பதால், விழுங்கும் மருந்து, வேரின் உள்ளே கிருமிகள் தங்கியிருக்கும் மெல்லிய குழாய்க்குள் போய்ச் சேர வழியே இல்லை; சுற்றியுள்ள திசுவில் பரவியதை மட்டும் அது அடக்குகிறது, மருந்தை நிறுத்தியதும் உள்ளிருந்து மறுபடியும் கசிகிறது.

எக்ஸ்-ரேயில் தெரியும் கறுப்பு வட்டம், வேருக்குள்ளிருந்து வெளியேறும் கிருமிகளையும் நச்சுகளையும் எதிர்த்து உடல் நடத்தும் போராட்டத்தில் எலும்பு கரைந்துபோன இடம். கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளின் பற்கூழை (பல்லுக்குள் இருக்கும் மென்திசுவை) திறந்து விட்டபோதும் அங்கே சீழ் பிடிக்கவில்லை என்பதை ககேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் ஆகியோர் 1965-இலேயே காட்டினார்கள். ஆகவே, குழாயின் உட்புறத்தை உண்மையாகவே சுத்தம் செய்து முத்திரையிட்டால், வெளியே கை வைக்காமலே எலும்பு தானாக வளர்ந்து நிரம்பும் வாய்ப்பு நன்றாகவே உண்டு.

உங்கள் பல்லின் விஷயத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது விட்டுப்போன குழாயை. மேல் முதல் கடைவாய்ப்பல்லின் முன்-கன்ன வேரில் பெரும்பாலும் இரண்டாவது குழாய் ஒன்று இருக்கும். மிகக் குறுகலான அதன் வாய் மேலே வளர்ந்த பல்திசுவால் மூடப்பட்டிருப்பதால், உருப்பெருக்கி இல்லாமல் தேடினால் எளிதில் தப்பிவிடும். சாதாரண எக்ஸ்-ரேயில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து மறைந்துபோகும் குழாய்களை, முப்பரிமாணப் படமான சிபிசிடி பிரித்துக் காட்டும்.

மறு வேர் சிகிச்சையில் எச்சில் புகாமலிருக்கப் பல்லைச் சுற்றி ரப்பர் டேம் என்ற ரப்பர் விரிப்பைக் கட்டி, குழாயை அடைத்திருக்கும் ரப்பர் போன்ற பொருளான பழைய குட்டா பெர்ச்சாவை எடுத்துவிட்டு, கிருமிகளைக் கொல்லும் சோடியம் ஹைப்போகுளோரைட் திரவத்தால் திரும்பத் திரும்பக் கழுவுவோம். கருவியின் முனை தொடாத கிளைகளைக்கூட அந்தத் திரவம் எட்ட முடியும் என்பதால், என் அனுபவத்தில் அவசரப்படக் கூடாத கட்டம் இதுதான். தேவைப்பட்டால் கடுங்காரத் தன்மையுள்ள கால்சியம் ஹைட்ராக்சைடு பசையைச் சில வாரங்கள் உள்ளே வைத்துவிட்டு, கொப்புளம் அடங்கியதைப் பார்த்த பிறகே குழாயை அடைப்போம். மேலே கசிவில்லாத நல்ல கேப்பும் அவசியம்.

பதில் (இன்னொரு பல் மருத்துவர்)

மேலே சொன்னதை ஏற்கிறேன்; ஆனால் அறுவையை வீண் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. பிடுங்கினால் வேர் பிளந்துவிடும் அளவுக்கு இறுகிய உலோகத் தண்டு உள்ளே இருந்தாலோ, முறையாகச் செய்த மறு சிகிச்சைக்குப் பிறகும் வட்டம் பெரிதாகிக்கொண்டே போனாலோ, வேர்நுனியை வெட்டுவதே சரியான வழி. இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஈறு ஓரத்தில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஈறின் ஆழத்தை அளக்கும் மெல்லிய கருவி ஆழமாக இறங்கினால், வேர் நெடுக்காக விரிசல் விட்டிருக்கலாம். அப்படியானால் எந்தச் சிகிச்சையும் அந்த வேரைக் காப்பாற்றாது. கொப்புளத்தின் துளைக்குள் மெல்லிய குட்டா பெர்ச்சா குச்சி ஒன்றைச் செருகி எக்ஸ்-ரே எடுத்தால், சீழ் எந்த வேரிலிருந்து வருகிறது என்பதை அதன் முனையே காட்டிவிடும். இந்தச் சோதனை உங்களுக்குச் செய்யப்பட்டதா?

கேட்டவர்

இல்லை. சிபிசிடியும் எடுக்கவில்லை. இரண்டையும் கேட்டுச் செய்துகொள்கிறேன். மறு சிகிச்சை செய்தால், ஆறிவிட்டதா என்பதை எப்போது அறிய முடியும்?

பதில் (பல் மருத்துவர்)

கொப்புளம் சில வாரங்களிலேயே மூடிக்கொள்ள வேண்டும். எலும்பு அவ்வளவு விரைவில் நிரம்பாது. 6 மாதத்திலும் ஓராண்டிலும் படம் எடுத்து, வட்டம் சுருங்கி வருகிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்போம். சில பற்களில் முழுமையாக ஆற 4 ஆண்டுகள்கூட ஆகலாம் என்பதால், சுருங்கிக்கொண்டே வரும் வட்டத்தைக் கண்டு யாராவது அறுவைக்கு அவசரப்படுத்தினால் பொறுத்திருக்கச் சொல்லுங்கள். அதற்கிடையில் காய்ச்சலோ, கன்னத்தில் கண்ணை நோக்கிப் பரவும் வீக்கமோ, வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமோ ஏற்பட்டால், முன்பதிவுக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் சென்றுவிடுங்கள்.