மொட்டை மாடிக்குக் கீழே ஏசி: எத்தனை டன், மானியம் உண்டா?

அம்மாப்பேட்டைவாசி:
வணக்கங்க. மேல்மாடி அறை, 12-க்கு 11 அடி, மேலே வெறும் கான்கிரீட். 1 டன் 5 ஸ்டார் இன்வெர்ட்டர் போதுமா? ஏசிக்கு அரசு மானியம் ஏதாவது உண்டா? ஏற்காட்டில் பெற்றோர் வீட்டுக்கு டிசம்பர் குளிருக்கு எது வாங்கலாம்?

குளிர்பதனக்காரன்:
கீழ்த்தள அறையென்றால் 1 டன் தாராளம். உங்களுக்குச் சிக்கல் கூரைதாங்க. பகலெல்லாம் குடித்த வெயிலை கான்கிரீட் ராத்திரி பத்து, பதினொரு மணி வரை கீழே இறக்கும். முதலில் மாடியைக் கழுவி, விரிசலை அடைத்து, நன்றாகக் காயவிட்டு, வெப்பத்தைத் திருப்பும் வெள்ளைப் பெயின்ட் இரண்டு கோட் அடியுங்கள். தூசி படிந்தால் பலன் குறையும், வருஷா வருஷம் மாசியில் ஒருமுறை கழுவணும். இதைச் செய்யாவிட்டால் 1.5 டன் எடுங்கள். சின்ன மெஷின் மே மாதம் முழு வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

ஸ்டாரை மட்டும் பார்க்காதீர்கள். ஸ்டார் அளவுகோலை அவ்வப்போது இறுக்குகிறார்கள். பழைய ஸ்டாக்கின் 5 ஸ்டாரும் புதிய 5 ஸ்டாரும் ஒன்றல்ல. லேபிளில் உள்ள ஐஎஸ்இஇஆர் எண்ணை (செலவாகும் கரண்டுக்கு எவ்வளவு குளிர்ச்சி என்று காட்டுவது) ஒப்பிடுங்கள், அதிகமானது நல்லது.

மாட்ட வருபவரிடம் பைப்பில் உள்ள காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்குவம் பம்ப் இருக்கிறதா என்று கண்டிப்பாகக் கேளுங்கள். கேஸைக் கொஞ்சம் திறந்துவிட்டுக் காற்றை வெளியேற்றினால் பைப்பில் ஈரம் தங்கும், கம்ப்ரஸர் ஆயில் கெடும். அவுட்டோர் யூனிட்டை மேற்குச் சுவரில் வைக்கவேண்டாம். ஏசியை 26 டிகிரியில் வைத்து, 30 வாட் அளவில் ஓடும், கரண்ட் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி ஃபேனைப் போட்டாலே போதும்.

சூரமங்கலம் சோலார்:
ஏசிக்கென்று மத்திய அரசின் நேரடி மானியம் கிடையாது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமானது, அது விலையிலேயே வந்துவிடும். மானியம் சோலாருக்குத்தான்: வீட்டு மாடி சோலாருக்கான மத்திய அரசின் பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2-க்கு 60,000, 3-உம் அதற்கு மேலும் 78,000. திட்டத்தின் இணையதளத்தில் பதிந்த நிறுவனம்தான் போடவேண்டும், பேனலின் செல்லும் உள்நாட்டுத் தயாரிப்பாக இருக்கவேண்டும். பணம், நெட் மீட்டர் (வீட்டுக்கு வரும் கரண்டையும் வெளியே போகும் சோலார் கரண்டையும் கணக்கிடும் மீட்டர்) மாட்டி முடித்த பிறகே உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். கரண்ட் இணைப்பு தாத்தா பேரிலேயே இருந்தால் முதலில் பெயர் மாற்றுங்கள், பெரும்பாலும் அங்கேதான் இழுக்கும்.

மலைவாசி:
ஏற்காட்டுக்கு ஹாட் அண்ட் கோல்ட் இன்வெர்ட்டர் ஏசி பாருங்கள். 1,000 வாட் ராட் ஹீட்டர் ஒரு யூனிட் கரண்டுக்கு ஒரு யூனிட் சூடுதான் தரும். இந்த ஏசி வெளிக்காற்றிலிருந்து சூட்டை இழுப்பதால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு தரும். வாங்கும் முன் கதவு, ஜன்னல் இடுக்குகளை ரப்பர் பட்டையால் அடையுங்கள். மூடிய அறையில் கரி அடுப்பு மட்டும் வேண்டவே வேண்டாம், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.