ஊரைவிட்டுப் போகச் சொன்னாரே ஐடா பி. வெல்ஸ், அது சரியா?

கரிசல்காடு:
அமெரிக்கக் கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடாவின் வாழ்க்கையில் எனக்கு ஒப்பாத இடம் ஒன்று உண்டு. 1892 மார்ச்சில், தெற்கு அமெரிக்க மாநிலங்களில் ஒன்றான டென்னசியின் மெம்பிஸ் நகரில் மளிகைக்கடை நடத்திய கறுப்பினத்தவர் தாமஸ் மாஸையும் இன்னும் இருவரையும் வெள்ளையர் கும்பல் சிறையிலிருந்து இழுத்துப்போய்ச் சுட்டுக் கொன்றது. ‘இந்த ஊர் நமக்கு வேண்டாம், கிளம்புங்கள்’ என்று ஐடா தன் ‘ஃப்ரீ ஸ்பீச்’ பத்திரிகையில் எழுதினார். கொலைகாரர்களுக்கு வேண்டியதும் அதுதானே? மாஸின் கடைச் சரக்கு போட்டிக் கடைக்காரன் கைக்கே அடிமாட்டு விலைக்குப் போனது.

தெற்குவாசல்:
இல்லை நண்பரே. அவர்களுக்கு வேண்டியது பயந்துபோய் அங்கேயே உழைத்துக்கிடக்கும் ஆட்கள். ஆயிரக்கணக்கில் கறுப்பின மக்கள் கிளம்பினார்கள், இருந்தவர்கள் டிராமில் ஏறவில்லை. ஆறு வாரத்தில் டிராம் கம்பெனி அதிகாரிகள் இரண்டு பேர் ஐடாவின் அலுவலகப் படியேறி வந்தார்கள். உங்கள் ஆட்களுக்கு மின்சாரம் என்றால் பயமாமே, ஏறச் சொல்லி எழுதுங்களேன் என்று கேட்டார்கள். மாஸ் கொலைதான் காரணம் என்றார் ஐடா. அதற்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம் என்றார்கள். அந்தப் பேச்சை அப்படியே அடுத்த இதழில் போட்டார்! முப்பது வயதுகூட ஆகாத பெண், நகரத்தின் வருமானத்தில் கை வைத்துக் காட்டினார்.

கரிசல்காடு:
டிராம் புறக்கணிப்பு சரி, அதை நானும் மதிக்கிறேன். ஆனால் முன்பின் தெரியாத ஓக்லஹோமாவுக்குப் பிள்ளைகுட்டியோடு போ என்பது?

மல்லிகா:
அண்ணா, அவர் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பவில்லை. ஓக்லஹோமா போனால் பட்டினிதான் என்று வெள்ளையர் பத்திரிகைகள் பயமுறுத்தியபோது, தானே அங்கே போய் மூன்று வாரம் சுற்றிப் பார்த்து எழுதினார். செத்துப்போன மாஸ் அவருக்கு யாரோ அல்ல. அந்த வீட்டுப் பெண்குழந்தைக்கு ஞானத்தாய் ஐடாதான்.

கரிசல்காடு:
ஓக்லஹோமா பயணத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். போக வழியில்லாதவர்களுக்கு என்ன செய்தார்?

தெற்குவாசல்:
மே மாதம் அவர் வெளியூரில் இருந்தபோது அச்சகத்தை நொறுக்கினார்கள், திரும்பினால் கொலை என்றார்கள். நியூயார்க்கில் உட்கார்ந்து எழுதினார். வீட்டுக்கு ஒரு வின்செஸ்டர் துப்பாக்கி இருக்கட்டும், சட்டம் தராத காவலை அது தரட்டும் என்றார். அப்புறம் 1895இல், கும்பல் கொலைகளைக் கணக்கெடுத்துச் சொல்லும் ‘சிவப்பு ஆவணம்’ என்ற நூல். கொலைக் கணக்கை வெள்ளையரின் சிகாகோ ட்ரிப்யூன் பத்திரிகை தொகுத்ததிலிருந்தே எடுத்தார், பொய் என்று யாரும் வாய் திறக்க முடியாதபடி.

கரிசல்காடு:
அந்தக் கணக்கில் எனக்கு மறுப்பே இல்லை. மாஸின் கடைச் சரக்கு அந்தப் போட்டிக்காரன் கைக்குப் போனதுதான் ஆறவில்லை.