வாக்கர்: காட்டில் நடந்தவரா, துணி மிதித்தவரா?

வனக்காவலன்: வாக்கர் என்ற ஆங்கிலக் குடும்பப்பெயர் துணி மிதிக்கும் தொழிலிலிருந்து வந்தது என்று இங்கே சிலர் அடித்துச் சொல்கிறீர்கள். இங்கிலாந்தில் அரசனின் காட்டில் ஒரு காவலர் சுற்றிவரும் பகுதிக்கே 'வாக்' என்றுதான் பெயர். அவர்தான் வாக்கர். இதில் சந்தேகம் என்ன?

தறிக்காரன்: காட்டில் அந்த வழக்கு பின்னால் வந்தது நண்பரே. வாக்கர் பெயர் 13-ம் நூற்றாண்டிலேயே இருக்கிறது. தறியிலிருந்து இறங்கின கம்பளித் துணி எண்ணெய்ப் பிசுக்கோடு தொளதொள என்று கிடக்கும், அதைத் தொட்டியில் போட்டு, புளித்த மூத்திரத்தை ஊற்றி, உள்ளே இறங்கி மணிக்கணக்கில் மிதிப்பார்கள், அதிலுள்ள அம்மோனியா பிசுக்கை எடுக்க, மிதிபட மிதிபட இழைகள் சிக்கித் துணி சுருங்கித் தடிக்கும். அப்புறம் அலசி, மரச்சட்டத்தில் கொக்கி மாட்டி இழுத்துக் காயப்போடுவார்கள். இந்த நாற்றம் பிடித்த வேலை செய்தவர்தான் வாக்கர்.

ஊர்சுற்றி: ஒரே வேலைக்கு மூன்று பெயர் என்பதையும் பாருங்கள். வடக்கே வாக்கர், தெற்கிலும் கிழக்கிலும் ஃபுல்லர், தென்மேற்கே டெவன் மாவட்டத்துப் பக்கம் டக்கர். அங்கே எக்ஸிட்டர் நகரில் இந்தத் தொழில்காரர்கள் 1471-ல் கட்டின டக்கர்ஸ் ஹால் இன்னும் நிற்கிறது. நம் வீட்டுப் பெண்கள் முகத்தில் பூசும் முல்தானி மட்டிக்கு ஆங்கிலத்தில் ஃபுல்லர்ஸ் எர்த் என்று பெயர், துணிப் பிசுக்கை எடுக்க அவர்களும் அந்த வகை மண்ணைத்தான் போட்டார்கள்.

வனக்காவலன்: சரி, 12-ம் நூற்றாண்டிலேயே தண்ணீரில் ஓடும் ஆலை வந்து மரச்சுத்தியல் துணியை அடிக்க ஆரம்பித்துவிட்டதே? குடும்பப்பெயர்கள் நிலைத்ததோ அதற்குப் பிறகு. காலுக்கே வேலை இல்லாதபோது மிதிக்கிறவன் என்ற பெயர் எப்படி ஒட்டும்?

தறிக்காரன்: ஒட்டியது. அந்த ஆலைக்கே வட இங்கிலாந்தில் 'வாக் மில்' என்று பெயர் வைத்தார்கள், இடப்பெயராகவே இன்றும் இருக்கிறது. ஜெர்மனியிலும் அதே ஆலைக்கு வால்க்மியூலே என்று பெயர் உண்டு. காவலர் ரோந்து போக ஆலை எதற்கு?

வனக்காவலன்: ஆலையை விடுங்கள். அமெரிக்காவில் எத்தனையோ கறுப்பினக் குடும்பங்களுக்கு வாக்கர் என்பது அடிமைக் காலத்தில் வந்து சேர்ந்த பெயர். அவர்களுடைய முப்பாட்டனும் துணி மிதித்தானா?

தறிக்காரன்: அப்படி யார் சொன்னது? பெயர் எந்தத் தொழிலில் பிறந்தது என்பதுதான் பேச்சு, இன்று யார் வைத்திருக்கிறார் என்பது வேறு கணக்கு. 13-ம் நூற்றாண்டில் காட்டுக் காவலரை வாக்கர் என்று குறித்த ஓர் ஆவணத்தைக் காட்டுங்கள், மேலே பேசலாம்.